வருத்தக்கார வீட்டிலிருந்து பிள்ளைச் சாமான் எடுக்கப் போகும்போது

கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணித் தாய்மாரிடம் ஏழாம் மாதம் தாண்டியதும், "பிள்ளைக்கு உடுப்பு, ஏணைச் சீலை எல்லாம் எடுத்து வைச்சாச்சா?" என்று கேட்பேன். "அக்கா தாறன் எண்டவ மிஸ்", "மச்சாள் வீட்டில கிடக்கு மிஸ்" என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது சந்தோஷமான பதில். கடையில் வாங்கிய புதுச் சட்டையின் மொரமொரப்பை விட, பலமுறை தோய்த்துப் பதமான பழைய பருத்திச் சட்டை பிறந்த பிள்ளையின் தோலுக்கு எவ்வளவோ நல்லது. இப்போதைய விலைவாசியில் ஒரு தொட்டில் கட்டிலைப் புதிதாக வாங்கச் சொல்ல எனக்கும் மனம் வராது.

ஆனால் மருத்துவ மாதுவாக வீடு வீடாகப் போய் வருகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். சாமான் தரும் வீட்டில் யாருக்காவது வருத்தம் இருந்தால் நாங்கள் பயப்படுவது சாமானுக்கு. உண்மையில் கவனிக்கவேண்டியது, அந்த வீட்டுக்குள் நாங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம்.

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய் ஒருவர், எட்டு மாதம். மண்முனைப் பாலம் கடந்து ஆரையம்பதியில் உள்ள மச்சாள் வீட்டுக்கு உடுப்பும் நுளம்பு வலையும் எடுக்கப் போனார். அங்கே மூத்த பிள்ளைக்கு லேசான காய்ச்சல், சோர்ந்துபோய் மடியில் வந்து படுத்தது. இவரும் தலையைத் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் கதைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கு நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம். அம்மாள் வந்துவிட்டது என்று வாசலில் வேப்பிலை கட்டினார்கள். இந்தத் தாய் செய்தது என்ன தெரியுமா? கொண்டு வந்த உடுப்பை எல்லாம் மூன்று தரம் கொதிநீரில் அவித்துக் காயப்போட்டார். தன்னை யாரிடமும் காட்டவில்லை. நாலாம் நாள் கிளினிக்கில் பேச்சோடு பேச்சாகத்தான் என்னிடம் சொன்னார். சிறுவயதில் அவருக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்ததே இல்லை. அன்றே வைத்தியரிடம் அனுப்பினோம். கடைசியில் அவருக்கு வரவில்லை, பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. நானும்தான்.

கொப்புளிப்பான் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றிக்கொண்டே இருக்கும். தொற்றிய ஒருவருக்கு அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். பெரும்பாலும் காற்றாலும், நெருங்கி இருப்பதாலும், கொப்புள நீர் படுவதாலும்தான் பரவுகிறது. துணியில் அந்தக் கிருமி நெடுநாள் நிற்காது. எனவே அவித்த உடுப்பு பாதுகாப்பானதுதான், மடியில் படுத்த பிள்ளைதான் விஷயம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்வரைக்குள் தாய்க்குக் கொப்புளம் போட்டால் பிறந்த பிள்ளைக்கு அது உயிராபத்தாகலாம். எங்கள் அரச தடுப்பூசி அட்டவணையில் இந்த நோய்க்கு ஊசி இல்லை. ஆகவே முன்பு கொப்புளிப்பான் வராத கர்ப்பிணித் தாய் இப்படி ஒரு வீட்டுக்குப் போய்விட்டால், கொப்புளம் வரட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லவேண்டும். சில நாளுக்குள் செய்யவேண்டிய வைத்தியம் இருக்கிறது, நாள் கடந்தால் பயனில்லை.

அம்மாள் வந்த வீட்டுக்கு வெளியாட்கள் போகக்கூடாது, தண்ணீர் வார்க்கும்வரை அங்கிருந்து சாமான் எடுக்கக்கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதைப் பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். வைத்தியம் சொல்வதும் ஏறக்குறைய அதுவேதான்.

சின்னமுத்து (தட்டம்மை) இன்னும் வேகமானது. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். 2019இல் இலங்கையில் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட நோய், 2023இல் திரும்பப் பரவியது. முதல் ஊசி 9 மாதத்தில் என்பதால் அதற்குக் குறைந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாமான் எடுக்கப் போகவே வேண்டாம்.

அப்படியானால் எப்படி எடுப்பது? போவதற்கு முன் ஒரு ஃபோன். "அக்கா, வீட்டில ஆருக்கும் காய்ச்சல், தடிமல், வயிற்றோட்டம் இருக்கா? எனக்கு எட்டு மாசம், அதுதான் கேக்கிறன்" என்று உங்கள் நிலையை முன்வைத்துக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். இருக்கிறது என்றால், சுகமான ஓர் ஆள் சாமானைப் பையில் கட்டி வாசலில் வைக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து கணவரோ தம்பியோ போய் எடுத்து வரட்டும். தேத்தண்ணி குடிக்காமல் திரும்புவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவாகப் படும், எனக்குத் தெரியும். சுகமான பிறகு பிள்ளையோடு போய்ப் பலகாரமும் சேர்த்துச் சாப்பிட்டு வரலாம்.

சாமானே ஆபத்தாகும் வருத்தங்களும் இல்லாமல் இல்லை. வயிற்றோட்டமும் வாந்தியும் தரும் சில வைரஸ் கிருமிகள் பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் கிடக்கும். கைக்குப் பூசும் சனிட்டைசர் இவற்றுக்குப் போதாது. தொட்டில் கட்டில், வோக்கர், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் என்ற அளவில் 5 வீத பிளீச் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் வையுங்கள். பிளீச்சோடு கழிப்பறை கழுவும் திரவத்தைக் கலக்கவேண்டாம், நச்சு வாயு கிளம்பும். சொறி சிரங்கு இருந்த வீடு என்றால் அந்தப் பூச்சி மனித உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொதுவாக உயிர் வாழாது. தோய்க்கமுடிந்ததைச் சூடான தண்ணீரில் தோயுங்கள், முடியாததைச் சொப்பின் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை ஒதுக்கி வையுங்கள். பஞ்சு மெத்தை, தலையணை வேண்டாம். பால் போத்தல், சூப்பி, மிச்சமான மருந்து, களிம்பு இவற்றை எந்த வீட்டிலிருந்தும் வாங்காதீர்கள்.

டெங்குக் காய்ச்சல் வந்த வீட்டுச் சாமானை யாரும் சந்தேகப்படுவதில்லை. தொட்டால் பரவாதுதானே, சரி. ஆனால் வெளியே மழை பட்டுக் கிடந்த பிள்ளை குளிப்பாட்டும் பேசினை மட்டும் ஒருதரம் பாருங்கள். மாரி காலத்தில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றின் உட்சுவரில், தண்ணீர் நின்ற வரம்பு நெடுக, கரித்தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. எல்லாம் நுளம்பு முட்டை. தண்ணீரை ஊற்றிவிட்டால் போகாது, காய்ந்தாலும் மாதக்கணக்கில் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய்ப் பொச்சால் உட்சுவரை அழுத்தித் தேய்த்த பிறகு வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று மனதை அரிக்கிறது. புற்றுநோயால் ஒரு அம்மம்மா இறந்த வீட்டில் நல்ல தேக்குத் தொட்டில் கட்டில் ஒன்று இருந்தது. மகள் அதைத் துடைத்து, சீலையால் சுற்றி, உறவுக்காரப் பெண்ணுக்கு அனுப்பினார். "வருத்தக்கார வீட்டுச் சாமான்" என்று அது படலையோடு திரும்பி வந்தது. நான் போன நேரம் அந்த மகள் கட்டிலின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றார். எதுவும் பேசவில்லை. புற்றுநோய், சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், வலிப்பு, இவை எதுவும் சாமானால் ஒட்டாது. எச்.ஐ.வி.யும் உடுப்பாலோ கட்டிலாலோ பரவாது. கசரோகம்கூடக் காற்றால் பரவும் நோய், சட்டையாலும் கோப்பையாலும் அல்ல. மருந்து தொடங்காமல் இருமிக்கொண்டிருப்பவரின் அறையில் இருப்பதுதான் ஆபத்து. அந்தக் கட்டிலை நான் இன்னொரு தாய்க்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதில் படுப்பது இரண்டாவது பிள்ளை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வருத்தம் வரலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கும்போது நெஞ்சு உள்ளிழுத்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். இரவு என்றாலும் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. திருநீறு பூசவேண்டுமென்றால் பூசுங்கள், அது பாதகமில்லை. வண்டியில் ஏறியபிறகு பூசுங்கள்.