போ டை ஏன் நெட்டுக்குத்தாக நிற்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அடுத்த மாதம் புதுச்சேரியில் எனக்குத் திருமண வரவேற்பு. சட்டைக் கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் கையால் கட்டும் போ டை வாங்கிவிட்டேன். 'ஓட்டல் சர்வர் மாதிரி இருக்கிறாய்' என்கிறார் மாமா, அதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் எத்தனை முறை கட்டினாலும் சிறகுகள் இடவலமாக விரியாமல் மேலும் கீழுமாக நின்றுவிடுகின்றன. ஏன்?"

கடலூர்ப் புழுக்கத்தில் கழுத்துப் பொத்தானைப் போடுவதே துணிச்சல்தான், வாழ்த்துகள். 17ஆம் நூற்றாண்டில் குரோவேசியக் கூலிப்படையினர் கழுத்தில் சுற்றியிருந்த துணியின் மேல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏற்பட்ட மோகத்தின் பேரப்பிள்ளை இது. பிரெஞ்சில் இதன் பெயரே 'பட்டாம்பூச்சி முடிச்சு'.

ஷூ லேஸில் போடும் முடிச்சுதான் இதுவும். பிடித்து வைப்பது உராய்வு. கடலூர்த் துறைமுகத்தில் படகுக் கயிற்றைக் கட்டைத் தூணில் சுற்றி, மறுமுனையை ஒருவர் அலட்சியமாகப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வுக் குணகம் (இரண்டு பரப்புகள் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்பதைக் காட்டும் எண்) 0.3 என்றால், ஒரு சுற்றுக்கு அவர் கைவிசையைப் போல் 6.6 மடங்கு இழுவை தாங்கும். இரண்டு சுற்றுக்கு 13 அல்ல, 43 மடங்கு! மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 285. கூட்டலில் ஏறாமல் பெருக்கலில் ஏறுகிறது. முடிச்சில் தூண் கிடையாது. துணிக்குத் துணியே தூண்.

அப்படியானால் எல்லா முடிச்சும் ஒன்றுபோல் பிடிக்க வேண்டுமே? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், இழுத்தால் நிறம் மாறும் இழைகளில் முடிச்சுகள் போட்டு, எங்கே எவ்வளவு அழுத்தம் என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். முடிச்சை இறுக்கும்போது, குறுக்கே கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் இழை சற்று உருளப் பார்க்கிறது. ஓரிடத்தில் இடப்புறமும் அடுத்த இடத்தில் வலப்புறமும் உருட்டப்பட்டால், இழை தனக்குத்தானே எதிராக முறுக்கிக்கொண்டு பூட்டிக்கொள்கிறது. எங்கும் ஒரே பக்கமாக உருட்டப்பட்டால் அப்படியே உருண்டு நழுவுகிறது. முடிச்சுக்கெல்லாம் பணம் ஒதுக்கி ஆராய்ச்சியா என்பவர்கள், அறுவை சிகிச்சையில் தையல் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கட்டும்.

இனி உங்கள் போ டைக்கு வருவோம். முடிச்சின் முதல் பாதியில் இடது முனை வலதின் மேல் போனால், இரண்டாம் பாதியில் வலது முனை இடதின் மேல் போக வேண்டும். அப்போது ஒவ்வொரு முனையும் தான் வந்த பட்டையை ஒட்டியே திரும்புகிறது. பட்டை கழுத்தைச் சுற்றிக் கிடைமட்டமாக இருப்பதால் சிறகும் கிடைமட்டம். நீங்கள் இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போடுகிறீர்கள். முனைகள் பட்டைக்குக் குறுக்கே வெளிவருகின்றன, பட்டாம்பூச்சி செங்குத்தாகிவிடுகிறது. ஆங்கிலேயர் இதைப் 'பாட்டி முடிச்சு' என்பார்கள், பாட்டிகளுக்கு இழைத்த அநியாயம்.

மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு தானாக அவிழ்ந்தால் தோஷம் என்று பதறுபவர்களும், கட்டியவர் இரண்டாம் சுற்றை எந்தப் பக்கம் போட்டார் என்று முதலில் விசாரிக்கலாம்.

கண்ணாடி முன் நின்று, முதல் குறுக்கை மட்டும் மாற்றிப் போடுங்கள். மீதியைக் கை பழகியபடியே விட்டுவிடுங்கள். சரியாகக் கட்டிய பிறகும் ஒரு சிறகு லேசாகச் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்த வேண்டாம். கொக்கி மாட்டும் ரெடிமேடு போ டைதான் அவ்வளவு நேராக நிற்கும்.