75 கிலோமீற்றர் ஓடிய கல்

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் குடும்பத்தோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுக்குப் போய், பாலைநிலத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, படங்களை வட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருந்தான். கூடாரத்துக்குப் பின்னால் அடிவானம் வரை கன்னங்கரேலென்று ஒரு பாறைவெளி. உரும்பிராயில் இருக்கும் மாமி உடனே குரல் பதிவு போட்டுவிட்டார்: “தம்பி, அது நெருப்புக் குழம்பு ஓடின இடமெண்டு சொல்லுறாய். உள்ளுக்க இன்னும் சூடு கிடக்குமோ? பிள்ளையளை அதுக்குப் பக்கத்திலயே படுக்க வைச்சனீங்கள்?”

மச்சான் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டு ஒதுங்கிக்கொண்டான். ஆனால் மாமி கேட்டது நல்ல கேள்வி. உறைந்த லாவாவின் உள்ளே எவ்வளவு காலம் சூடு தங்கும் என்பதை அறிய எரிமலை ஆய்வாளர்கள் பாறையைத் துளைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். விடை கிடைத்தால் கூடவே வேறு சில புதிர்களும் அவிழும்.

மச்சான் தங்கிய இடத்தின் பெயர் வேலி ஆஃப் ஃபயர்ஸ். கரிசோசோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், துலரோசாப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. லாவா வந்தது லிட்டில் பிளாக் பீக் என்ற ஒரு சின்னக் குன்றிலிருந்து. படத்தில் பார்த்தால் இதுவா எரிமலை என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு சாதாரணமான குன்று. ஆனால் அதிலிருந்து புறப்பட்ட குழம்பு 75 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. யாழ்ப்பாண நகரத்தில் புறப்பட்டு ஏ-9 வீதியில் ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி எல்லாம் தாண்டி முறிகண்டிப் பிள்ளையாரை நெருங்கும் தூரம். பரப்பளவு ஏறக்குறைய 330 சதுர கிலோமீற்றர், நம்முடைய குடாநாட்டில் மூன்றில் ஒரு பங்கு. பல இடங்களில் 10 முதல் 15 மீற்றர் தடிப்பு, ஆழமான இடத்தில் 50 மீற்றர் வரை போகும்.

நமக்கு இது பழக்கமில்லாத கல். குடாநாடு முழுவதும் கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்தான், வீடு கட்டவும் தெருப்போடவும் லொறியில் வரும் கருங்கல்லும் லாவா அல்ல. இலங்கையில் எரிமலையே கிடையாது. பெரிய லாவாப் பரப்பு ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இந்தியாவின் தக்காணத்துக்குத்தான் போக வேண்டும். அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்த கல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய லாவா.

சரி, குழம்பு எப்படி 75 கிலோமீற்றர் ஓடியது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கறுப்புக் கல்லின் பெயர் பசால்ட். எரிமலை வாயிலிருந்து வரும் அதன் குழம்பின் வெப்பம் 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ். வெளிக்காற்றோ 20, 30 பாகை. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது சில நூறு மீற்றர் போவதற்குள் ஆறி உறைந்துவிட வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேற்பரப்பு உண்மையில் அப்படித்தான் உறைகிறது. வெளியே வந்த சில விநாடிகளில் செந்நிறம் மங்கி, சாம்பல் நிறத் தோல் ஒன்று கட்டிவிடும். குழம்பைக் காப்பாற்றுவதும் அந்தத் தோல்தான்.

கல் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். குமிழிகள் நிறைந்த லாவாக் கல் அதைவிட மெதுவாகக் கடத்தும். மேலே ஓடு தடிக்கத் தடிக்க, உள்ளேயிருக்கும் சூடு வெளியே வரக் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. அதனால் ஓடு வளரும் வேகமும் குறைகிறது. ஹவாய்த் தீவின் கிலாவெயா எரிமலையில் ஓடும் லாவாவை அளந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஓட்டின் தடிப்பை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 165ஆல் பெருக்கினால், அவ்வளவு தடிக்க எத்தனை மணித்தியாலம் ஆகும் என்பது வரும். 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 1 மீற்றருக்கு ஏழு நாள். 2 மீற்றருக்கு நான்கு கிழமை. 10 மீற்றருக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். தடிப்பு இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தடிப்பு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்கு.

இந்த வர்க்கக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

ஓடு கட்டிய பிறகு லாவா ஆறு போல வெளியே ஓடுவதில்லை. ஓட்டுக்குக் கீழே குழாய்களில் ஓடுகிறது. குழாய்க்குள் ஒரு கிலோமீற்றர் ஓடினால் சுமார் ஒரு பாகை வெப்பம்தான் இழப்பு. 75 கிலோமீற்றர் போனாலும் முனைக்கு வந்து சேரும்போது குழம்பு இன்னும் குழம்பாகவே இருக்கும். முனையில் அரை மீற்றர்கூடத் தடிப்பில்லாத நாக்குகளாக வெளியே பிதுங்கி, தோல் கட்டி நிற்கும். பின்னால் வரும் குழம்பு அந்தத் தோலுக்குக் கீழே புகுந்து அதை மேலே தூக்கும். அப்படித் தூக்கித் தூக்கித்தான் அரை மீற்றர் நாக்கு பல மீற்றர் உயரத் திட்டாகிறது. தூக்கிய இடத்தில் மேலோடு நெடுகப் பிளந்து, ஆள் இறங்கக்கூடிய வெடிப்புகள் விழும். மச்சானின் படங்களில் நான் பெரிதாக்கிப் பார்த்தது அந்த வெடிப்புகளைத்தான். விளிம்பில் சுருள் சுருளாகத் திரண்டு நிற்கும் மேல்தோல், அதற்குக் கீழே சின்னச் சின்னக் குமிழி ஓட்டைகள், இன்னும் கீழே ஓட்டைகள் குறைந்து இறுகிய கல். ஓடு மேலிருந்து கீழாக வளர்ந்த வரலாறு முழுவதும் ஒரு ஆள் உயரத்துக்குள் தெரிகிறது.

எவ்வளவு காலம் ஓடியிருக்கும்? கெஸ்தெலி, பியரி என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் இந்தக் கரிசோசோ லாவாவைக் கணக்கிட்டு, விநாடிக்கு 5 கனமீற்றர் அளவில் மெதுவாக, ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும் என்றார்கள். மொத்தம் 4.3 கன கிலோமீற்றர் குழம்பை 5 கனமீற்றரால் வகுத்துப் பாருங்கள், 27 ஆண்டு வரும். திரைப்படங்களில் எரிமலை ஒரே இரவில் ஊரை விழுங்கும். இங்கே ஒரு தலைமுறையே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இனி மாமியின் கேள்வி. கிலாவெயாவில் 1959 நவம்பர், டிசம்பரில் ஒரு பழைய பள்ளம் லாவாவால் நிரம்பி, 100 மீற்றருக்கு மேல் ஆழமான லாவாக் குளம் உண்டானது. கிலாவெயா இக்கி என்று பெயர். அடுத்த ஆண்டிலிருந்தே மேலோட்டில் நின்று துளையிட்டு, உள்ளே எங்கே உருகிய குழம்பு தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து வந்தார்கள். முழுவதும் உறைய 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 35 ஆண்டுகள்! இவ்வளவுக்கும் மேலோட்டின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, ஆவியாகி, வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருந்தது.

கரிசோசோவின் ஆழமான இடம் அதில் பாதி. ஆழம் பாதியானால், வர்க்கக் கணக்கின்படி, காலம் கால்வாசி. உறைந்த பிறகு வெறும் கல்லாக ஆறி முடிய இன்னும் பல பத்தாண்டுகள் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த லாவா ஓடி 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே பழைய சூடு துளியும் இல்லை மாமி. பிள்ளைகள் நிம்மதியாகப் படுக்கலாம்.

அந்த 5,000 எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு சிலர் இதற்கு 1,500 ஆண்டுதான் வயது என்று நினைத்தார்கள், கல் அவ்வளவு புதிதாகத் தெரிகிறது. வருடத்துக்கு 300 மில்லிமீற்றர் அளவே மழை பெய்யும் இடத்தில் கல் சீக்கிரம் உக்காது, அதனால் பார்வையை நம்ப முடியாது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறையின் மேற்பரப்பில் உள்ள கல்சியம், பொற்றாசியம் அணுக்களில் மோதி, குளோரின்-36 என்ற அரிய அணுக்களை உண்டாக்கும். நிலத்தடியில் ஆழத்தில் இருக்கும் குழம்பை இந்தக் கதிர்கள் எட்டாது. ஆகவே லாவா வெளியே வந்து உறைந்த அன்றுதான் கணக்குத் தொடங்குகிறது. மேற்பரப்பில் சேர்ந்திருக்கும் குளோரின்-36ஐ எண்ணினால் வயது வரும். அப்படிக் கிடைத்த விடை சுமார் 5,200 ஆண்டு, முன்னே பின்னே 700.

பழைய சூடு இல்லை, ஆனால் பகல் வெயில் சூடு? இதுதான் கூடாரக்காரருக்கு முக்கியம். கறுப்புக் கல் கோடை நண்பகலில் சுற்றியுள்ள காற்றைவிட 20 பாகைக்கு மேலும் சூடேறும், வெறும் கையை வைக்க முடியாது. அப்போது இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கக்குமே என்று எண்ணத் தோன்றும். நடப்பது வேறு. குமிழிகள் நிறைந்த கல் சூட்டை உள்ளே இறங்க விடுவதில்லை. மேலே மெல்லிய படலம் மட்டும்தான் கொதிக்கிறது, அந்தக் கொஞ்சச் சூடு சூரியன் விழுந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

நம்முடைய கிணற்றை நினைத்துப் பாருங்கள். மார்கழி விடியலில், திருவெம்பாவைப் பூசைக்குப் போக முதல் தலையில் அள்ளி ஊற்றும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை நண்பகலில் அதே கிணற்று நீர் குளிரும். நீர் பெரிதாக மாறவில்லை, மேலே காற்றுத்தான் மாறியது. பகல் இரவு என்ற ஏற்ற இறக்கம் கல்லுக்குள் அரை மீற்றர் சொச்சத்தோடு அடங்கிவிடும். வருடத்தின் கோடையும் மாரியும் 10 மீற்றர் அளவுக்கு இறங்கும். முன்பு சொன்ன வர்க்கக் கணக்கு இங்கேயும் வருகிறது: ஒரு நாளைவிட ஒரு வருடம் 365 மடங்கு நீளம், 365இன் வர்க்கமூலம் 19, ஆகவே இறங்கும் ஆழம் 19 மடங்கு. லாவா உறைவதும் கிணறு ஆண்டு முழுவதும் ஒரே பதத்தில் நிற்பதும் ஒரே கணிதம்.

இரவில் கூடாரம் குளிர்வதற்குக் கல் பாதிக் காரணம், வானம் மீதிக் காரணம். யாழ்ப்பாணத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஐந்தாறு பாகைதான். கடல் சூழ்ந்த இடம், காற்றில் நீராவி எப்போதும் நிறைய. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை நீராவி உறிஞ்சி, அதில் ஒரு பங்கைத் தரைக்கே திருப்பிவிடும். புழுக்கத்தில் நாங்கள் விசிறியோடு புரள்வதற்கு அதுவும் காரணம். கரிசோசோ கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே, வறண்ட காற்று, முகிலும் குறைவு. தரையின் வெப்பம் தடையில்லாமல் விண்ணுக்குப் போய்விடும். பகலில் 33 பாகை அடித்த ஆனி மாதத்திலும் விடியலில் 14, 15க்கு இறங்கும். மச்சான் மெல்லிய போர்வைகளோடு போய் நடுங்கியதாகக் கேள்வி. வெக்கை நாட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பான்.

கூடாரத்தை லாவாவின் மேல் அடிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முளை இறங்காது, மேல்தோல் கண்ணாடிச் சில்லுபோலக் கூர். ரப்பர்ச் செருப்போடு நடந்தால் அடிப்பாகம் போய்விடும். அங்குள்ள முகாம் ஒரு பழைய மணற்கல் மேட்டின் மேல் இருக்கிறது. லாவா வந்தபோது உயரமாக இருந்த அந்த மேட்டை மூடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கறுப்புக்கு நடுவே அது ஒரு தீவு.

கல் சூட்டை மறித்து வைப்பதன் இன்னொரு உச்சம் அதே மாநிலத்தின் பந்தேரா எரிமலைப் பக்கம் உண்டு. அங்கே இடிந்த லாவாக் குழாய் ஒன்றின் அடியில் ஆண்டு முழுவதும் உருகாத பனிக்கட்டி, சுமார் 6 மீற்றர் தடிப்பில் கிடக்கிறது. குளிர்காலத்தில் பாரமான குளிர்காற்று பள்ளத்துக்குள் இறங்கும். கோடையின் சூடான காற்று இலேசானது, அதனால் கீழே இறங்கிக் குளிர்காற்றை வெளியேற்ற முடியாது. சுற்றியுள்ள குமிழிக் கல் வெளிச் சூட்டை உள்ளே விடாது. உருகும் பனியும் மழையும் கசிந்து உள்ளே வந்து உறைய வேண்டியதுதான். நெருப்பு ஓடிய குழாயில் ஐஸ்!

இத்தனை வறண்ட கல்லில் செடி இருப்பதும் முதலில் வியப்புத்தான். ஆனால் மழைத்துளி எதையும் கல் உறிஞ்சி வீணாக்குவதில்லை, எல்லாம் வழிந்து வெடிப்புக்குள் சேர்கிறது. காற்று கொண்டுவந்த தூசி அங்கேயே மண்ணாகத் தங்குகிறது. நிழல் இருப்பதால் ஈரம் சீக்கிரம் காயாது. ஜூனிப்பர் மரங்கள், யூக்கா, பலவகைக் கள்ளிகள் அந்த வெடிப்புகளில் நிற்கின்றன. நம் ஊர் வேலிகளில் நிற்கும் நாகதாளியின் உறவுகளும் அவற்றில் உண்டு. நாகதாளியே அமெரிக்காவிலிருந்து வந்த செடிதானே.

விலங்குகளில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன எலி. அமெரிக்கத் தென்மேற்கின் மணல்நிறப் பாறைகளில் மணல்நிறமாகத் திரியும் இந்தப் பாறை எலி, லாவா வெளிகளில் கருமையாக இருக்கிறது. கறுப்புக் கல்லில் வெளிர் எலி ஓடினால் ஆந்தை தவறவிடாது. கரிசோசோ லாவாவின் தென்முனையிலிருந்து இன்னும் தெற்கே போனால் வைட் சாண்ட்ஸ், வெள்ளை வெளேரென்ற ஜிப்சம் மணல்மேடுகள். அங்கே எலிகளும் பல்லிகளும் வெளிறிப்போயிருக்கின்றன. ஒரே பள்ளத்தாக்கில், ஒரு பகல் கார்ப் பயணத்துக்குள், இரண்டையும் பார்க்கலாம்.

கறுப்பு எப்படி வந்தது என்று 2003இல் மைக்கல் நாக்மன், ஹோப்பி ஹெக்ஸ்ட்ரா குழுவினர் மரபணுவைத் தேடினார்கள். அமெரிக்க, மெக்சிக்க எல்லையில் உள்ள பினகாத்தே லாவாவின் எலிகளில் எம்சி1ஆர் என்ற ஒரு மரபணுவில் நான்கு மாற்றங்கள் கிடைத்தன. முடியின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு அது. நியூ மெக்சிகோவின் கறுப்பு எலிகளில் அதே மாற்றங்களைத் தேடியபோது அவை இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பு இரு இடங்களிலும் தனித்தனியாக, வேறு வேறு மரபணு வழியாக வந்திருக்கிறது.