அப்பாவின் துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்காதீர்கள்

மலையடிவாரத்தில் காடு வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார். பன்றி விரட்ட அவர் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி பழைய வேட்டியில் சுற்றியபடி பரணில் கிடந்தது. காரியம் முடிந்ததும் மகன் ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். "வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். சான்றிதழுக்காக நான்கு மாதம் நடந்தான். அதற்குள் யாரோ புகார் கொடுக்க, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்ததாக அவன் மேலேயே வழக்கு. தானே போய்ச் சொன்னான் என்பதற்கு அவன் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்காவில் அரசமைப்பு தந்த உரிமை. இங்கே அப்படிக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில்கூடச் சொன்னது. நம் அரசமைப்பின் 19-வது பிரிவு, கூட்டம் கூடும் உரிமையைக் கொடுக்கும் இடத்திலேயே ‘ஆயுதமின்றி’ என்று சொல்லிவிடுகிறது. 1959-ன் ஆயுதச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்கப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் இரண்டில் நிறுத்தினார்கள். உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டானது. உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பின்னணி இவ்வளவு போதும்.

உரிமம் ஒரு ஆளின் பெயருக்குக் கொடுப்பது. வீடு, நிலம் மாதிரி வாரிசுக்குத் தானாக வராது. அதனால் முதலில் துப்பாக்கியை ஒப்படையுங்கள், சான்றிதழுக்கு அப்புறம் அலையலாம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால், உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் நகராதீர்கள். துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும், உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும், ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே வைத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறி எழுதியதற்காக ஒரு வருடம் அலைந்தவரை எனக்குத் தெரியும். அன்றைக்கே கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் ஒரு மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் கமிஷனர் அலுவலகம்.

ஒப்படைத்துவிட்டோம் என்று அப்படியே விட்டுவிடவும் கூடாது. குறித்த காலத்துக்குள் உரிமம் வாங்கித் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால் அரசு பறிமுதல் செய்துவிடலாம். வாரிசு உரிமம் கேட்பவர் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அக்கா, தங்கை கையெழுத்து இல்லாமல் போய்த் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். அப்பாவுக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி 25 ஆண்டு அவரிடம் இருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு உரிமம் கேட்கலாம். 2016 விதிகளில் இருக்கிற இந்த வழியைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை.

வரப்புத் தகராறில் கோட்டாட்சியர் (வருவாய்த் துறை ஆர்.டி.ஓ.) முன்னால், இனி அமைதியாக இருப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை உரிமம் கிடைக்காது. அது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் மறுக்க முடியாது. அப்படிச் சொன்னால் எழுதிக் கேளுங்கள்.

"போலீஸ் ரிப்போர்ட் வரலை" என்பதுதான் எல்லா மேசையிலும் கிடைக்கும் பதில். ரிப்போர்ட்டுக்கு விதி கொடுத்திருப்பது 30 நாள். அதற்குள் வராவிட்டால் காத்திருக்காமலே அதிகாரி முடிவெடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதை மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள். புதுப்பிக்கக் காலாவதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

தேர்தல் வந்தால் எல்லோருக்கும் போன் போட்டு ஒப்படைக்கச் சொல்வார்கள். யாரிடம் வாங்க வேண்டும் என்பதை மாவட்டக் குழு ஒவ்வொருவராகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். எல்லோருக்கும் பொதுவாக உத்தரவு போடக் கூடாது என்று உயர் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. அதற்காக ஸ்டேஷன் வாசலில் வாக்குவாதம் வேண்டாம். உத்தரவு நகல் கேளுங்கள், துப்பாக்கியைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், தேர்தல் முடிவு வந்தபின் நீங்களே போய்த் திரும்பக் கேளுங்கள். கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தால் குழல் துருப்பிடித்துத்தான் வரும்.

உரிமத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், நீங்கள் கேட்டால் சுருக்கமாகவாவது கொடுக்க வேண்டும். பொதுநலன் கருதிக் காரணத்தைத் தர முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வழி உண்டு, அதையும் எழுத்திலேயே வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உத்தரவு வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள், நாளைக் காட்ட அதன் மேலுள்ள தபால் முத்திரை உதவும்.