லொறி கொஞ்சம் முறுகத்தான் வேண்டும்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "பழைய பெட்போர்ட் லொறி ஒன்றை வாங்கி, துருப்பிடித்த கெபினைத் திருத்தி, பின்னால் கொழுந்துச் சாக்கும் விறகும் ஏற்ற இரும்புத் தட்டு போட்டோம். ஆடாமல் இருக்கட்டும் என்று தட்டைச் சேஸியோடு நெடுகிலும் வெல்டிங் வைத்தோம். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, கெபினுக்குப் பின்னால் சேஸியில் வெடிப்பு. கண்ணூறு, பூசணிக்காய் உடை என்கிறார் அம்மா. உண்மையில் என்ன நடந்தது?"

பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, உடைத்த துண்டுகளைப் பாதையிலிருந்து கூட்டி அள்ளினால் சரி. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் என்ன பாவம் செய்தான்? ஆனால் வெடிப்பு விழுந்த இடமே காரணத்தைச் சொல்கிறது.

பாரம் ஏற்றினால் லொறியின் அடிச்சட்டமான சேஸி வளையும், மேல் விளிம்பு நெருக்கப்படும், கீழ் விளிம்பு இழுபடும். இது பள்ளிக்கூடப் பாடம். தோட்டத்துப் பாதையில் சிக்கல் வேறு. முன் இடது சில்லு கல்லில் ஏறும்போது பின் வலது சில்லு கானில் இறங்கும். வில்தகடுகள் தாங்கியது போக மிச்சத்தைச் சேஸி முறுகித்தான் சமாளிக்க வேண்டும். அதற்காகவே அதன் இரண்டு நீளச் சட்டங்களும் குழாயாக இல்லாமல், பக்கவாட்டில் சாய்த்த ‘ப’ போல ஒரு பக்கம் திறந்திருக்கின்றன.

அந்தத் திறப்பில் என்ன இருக்கிறது? ஒரு தடித்த தாளைக் குழலாகச் சுருட்டி, விளிம்புகளை ஒட்டாமல் இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகும். கூர்ந்து பார்த்தால், பொருத்தில் ஒரு விளிம்பு முன்னே நழுவும், மற்றது பின்னே போகும். இனி அந்தப் பொருத்தை நெடுகிலும் டேப்பால் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அதே தாள், அதே கை, ஆனால் அசையாது. தடுத்தது அந்த நழுவலை மட்டும்தான்.

மூடிய குழாயில் முறுக்கத் தகைப்பு, அதாவது முறுக்கும்போது உலோகத்துக்குள் எழும் எதிர்விசை, சுவரைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓடுகிறது. அதன் நெம்புகோல் குழாயின் விட்டம். பிளந்த குழாயில் பிளவைத் தாண்ட வழியில்லை. ஆகவே தகைப்பு தகட்டின் வெளித்தோலில் போய், அதே தகட்டின் உட்தோலில் திரும்பி வருகிறது. நெம்புகோல் தகட்டின் தடிப்பளவாகச் சுருங்கிவிடுகிறது! வட்டக் குழாயென்றால் வித்தியாசத்தின் கணக்கு எளிது: ஆரையைத் தடிப்பால் வகுத்து, வர்க்கித்து, 3ஆல் பெருக்க வேண்டும். 20 மி.மீ. ஆரை, 2 மி.மீ. தடிப்பு என்றால் 300 மடங்கு. வாளால் ஒரு கீறல் இழுத்தால் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு 300இல் ஒரு பங்காகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்போ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் ஒரு பீவீசீ குழாயைச் சும்மா பார்க்க முடியவில்லை. பாரத்துக்கு வளையாதே, பாதைக்கு முறுகு என்று ஒரே இரும்பிடம் இரண்டு வேலை வாங்க முடிவது இதனால்தான்.

தம்பியின் வெல்டிங் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. தட்டுக்குக் கீழே உள்ள பகுதி முறுக முடியாமல் இறுகிவிட்டது. முழு நீளத்திலும் பரவியிருந்த முறுக்கம், கெபினுக்கும் தட்டுக்கும் இடையில் வெறுமையாக இருந்த அந்தச் சிறு துண்டில் வந்து குவிந்தது. வெல்டிங் தொடங்கிய ஓரத்தில் சூட்டால் இரும்பின் குணமும் மாறியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னும் முறுகி முறுகிக் களைத்த உலோகம் கடைசியில் விட்டுக்கொடுத்தது.

கெபினில் கதை நேர்எதிர். கெபின் முறுகக் கூடாது. முறுகினால் கண்ணாடி வெடிக்கும், கதவு இறுகும். அதனால்தான் கதவுக்குக் கீழே ஓடும் படிச்சட்டத்தை மெல்லிய தகரத்தால் மூடிய பெட்டியாகச் செய்கிறார்கள். மலையகப் பனியும் சேறும் அந்தப் பெட்டிக்குள் தங்கிக் காய்வதே இல்லை. இரண்டு தகரம் சேரும் இடுக்கில் ஒட்சிசன் குறைவு, அங்கேதான் இரும்பு கரையும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, ஆகவே பொருத்தை உள்ளிருந்தே நெம்பித் திறந்துவிடும். அப்போது பெட்டி பிளந்த குழாயாகிறது. 100க்கு 60 மி.மீ. பெட்டி, 1 மி.மீ. தகரம் என்றால் பெட்டிக்கான சூத்திரப்படி விறைப்பின் இழப்பு ஏறக்குறைய 4,000 மடங்கு. இரு முனைகளும் வேறு சட்டங்களோடு கட்டுண்டிருப்பதால் நிஜத்தில் இழப்பு அவ்வளவு வராது, ஆனால் கதவு இறுகும் அளவுக்கு வரும். புட்டி அப்பி, பெயின்ட் அடித்து மறைக்கும் வேலையை நான் திருத்தம் என்று சொல்ல மாட்டேன். புட்டிக்கு நழுவலைத் தடுக்கும் சக்தி கிடையாது. அழுகிய தகரத்தை வெட்டிப் புதிய தகரத்தைப் பொருத்து நெடுகிலும் பற்றவைக்க வேண்டும்; வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கட்டாவிட்டால் கெபின் தொய்ந்துவிடும்.

தேயிலைக்கென்று 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்று தலவாக்கலையில் இருக்கிறது, நல்லது. அந்தக் கொழுந்தைச் சுமக்கும் லொறியின் சேஸியில் நாலு தகைப்பு உணரிகளை ஒட்டி, தோட்டத்துப் பாதையில் ஓட்டி அளந்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு கராஜிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? பேராதனைப் பொறியியல் பீடத்து மாணவர் ஒருவரின் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு இது போதாதா? நம் வெல்டிங் பாஸ்மாரின் கைக்குக் குறையில்லை, இந்த ஒரு தாள்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனித் தம்பிக்கு. அந்த வெல்டிங்கை அரைத்து எடுங்கள். வெடிப்பைச் சேஸி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டுக்குத் தனியாக ஒரு துணைச்சட்டம் செய்து, அதற்கும் சேஸிக்கும் இடையில் கடின மரப் பலகை வையுங்கள். துணைச்சட்டத்தின் முன்முனையைச் சரிவாகச் சீவுங்கள், விறைப்பு திடீரென்று தொடங்கக் கூடாது. பின்பக்கத்தை இறுக்கிப் பூட்டலாம். கெபினை ஒட்டிய முன்பக்கத்து போல்ட்டுகளுக்கு மட்டும் சுருள்வில் போடுங்கள், சேஸி முறுகும்போது தட்டு சற்று எழும்பிக் கொடுக்கும். சேஸியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவே வேண்டாம். கெபினைத் தாங்கும் இறப்பர்களையும் மாற்றுங்கள். முடிந்ததும் ஒரு முன் சில்லைக் கல்லில் ஏற்றி நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் இறப்பரையோ படிச்சட்டத்தையோ திரும்பப் பார்க்க வேண்டும். படிச்சட்டத்தின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளைப் பெயின்ட் அடிக்கிறவர் அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.