நான்கு சொற்களில் ஒன்று: டிஸ்க் தேர்வு எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடமும் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களிடமும் பல நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் இன்று ஒரு வினாத்தாளை நீட்டுகிறார்கள். அதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது. துணிச்சலானவர், கலகலப்பானவர், பொறுமைசாலி, துல்லியம் பார்ப்பவர் என்பன போன்ற நான்கு சொற்கள் ஒரு தொகுதியாகத் தரப்பட்டிருக்கும். தமக்கு மிகவும் பொருந்துவது ஒன்றையும், மிகக் குறைவாகப் பொருந்துவது ஒன்றையும் குறித்துவிட்டு அடுத்த தொகுதிக்குப் போக வேண்டும். பழைய வடிவங்களில் இத்தகைய தொகுதிகள் 24 அல்லது 28 இருக்கும். எல்லாவற்றையும் குறித்து முடித்தால், அவர் எப்படிப்பட்டவர், யாரோடு ஒத்துப்போவார், எப்படிப் பேசினால் கேட்பார் என்பதைச் சொல்லும் அறிக்கை ஒன்று வரைபடத்தோடு வந்துவிடுகிறது. டிஸ்க் எனப்படும் இந்தத் தேர்வு, பணியிடங்களில் மிகப் பரவலாகப் புழங்கும் நடத்தை மதிப்பீடுகளுள் ஒன்று.

இதன் அடிப்படைக் கருத்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1928-இல் முன்வைத்தது. ஒருவர் தம் சூழலைச் சாதகமானதாகக் காண்கிறாரா பாதகமானதாகக் காண்கிறாரா, அச்சூழலைவிடத் தம்மை வலிமையானவராக உணர்கிறாரா வலிமை குறைந்தவராக உணர்கிறாரா என்ற இரண்டு கேள்விகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். அவற்றை ஆதிக்கம், தூண்டல், பணிதல், இணங்கல் என்று மார்ஸ்டன் வகுத்தார்; இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே டிஸ்க் (DISC). ஆனால் இதற்கான வினாத்தாள் எதையும் அவர் உருவாக்கவில்லை. உளவியலாளர் வால்டர் கிளார்க்கும் அவருக்குப் பின் வந்தவர்களுமே அந்தக் கோட்பாட்டைக் காகிதத்தில் குறிக்கத்தக்க தேர்வாக மாற்றினார்கள். பொதுவான மனித உணர்ச்சிகளை விளக்குவதற்காகச் சொல்லப்பட்ட ஒரு கருத்து, அலுவலகத்தில் ஆட்களைப் பிரித்தறியும் கருவியானது இப்படித்தான்.

கருவியின் கணக்கைக் கூர்ந்து பார்ப்பது அவசியம். எளிமைக்காக, 24 தொகுதிகளில் 'மிகவும் பொருந்தும்' என்ற குறியை மட்டும் எண்ணுவதாகக் கொள்வோம். யார் எழுதினாலும் குறிகளின் கூட்டுத்தொகை 24 தான். ஒருவர் ஆதிக்கத்தில் 10 பெற்றால் மற்ற மூன்றுக்கும் சேர்த்து 14 தான் மிஞ்சும். இன்னொருவர் நான்கிலும் ஆறு ஆறாகப் பெறுகிறார். முதலாமவர் இரண்டாமவரைவிட ஆதிக்கம் மிகுந்தவர் என்று மேலாளர் முடிவு கட்டினால், அந்த முடிவுக்கு இந்த எண்களில் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாமவர் நான்கு குணங்களும் மிகுந்தவராக இருந்து, அதனாலேயே குறிகள் சமமாகச் சிதறியிருக்கலாம். முதலாமவரிடம் நான்குமே குறைவாக இருந்து, இருப்பதில் சற்று அதிகமான ஒன்றுக்குக் குறிகள் குவிந்திருக்கலாம். 'உம்மிடம் உள்ளவற்றுள் எது முந்தி நிற்கிறது' என்பதைத்தான் இத்தாள் கேட்கிறதே தவிர, 'அடுத்த நாற்காலியில் இருப்பவரைவிட உமக்கு எவ்வளவு' என்பதை அன்று. ஆட்சேர்ப்பு என்பதோ ஆளுக்கு ஆள் ஒப்பிடும் வேலை. ஆகவே, ஒரு குழுவினர் தத்தம் இயல்பைப் பற்றி மனம்விட்டுப் பேசத் தொடங்குவதற்கு இது உதவலாம். ஒருவரது பிழைப்பைத் தீர்மானிப்பதற்கு இதைப் பயன்படுத்துவது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

'ஆனால் அறிக்கை என்னை அப்படியே சொல்லிவிட்டதே' என்று வியப்பவர்கள் உண்டு. அந்த வியப்பையே பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் ஆய்வுப் பொருளாக்கி, முடிவுகளை 1949-இல் வெளியிட்டார். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, அவரவர்க்கு உரியதெனச் சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார். குறிப்பு எவ்வளவு பொருத்தம் என்பதற்கு மாணவர்கள் 5-க்கு அளித்த மதிப்பெண்ணின் சராசரி ஏறத்தாழ 4.3. உண்மையில் அனைவர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களில் பெரும்பகுதி கடையில் விற்ற சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. படிப்பவர் தலையசைப்பதால் அறிக்கை சரியானது என்றாகிவிடாது.

ஆய்வாளர்கள் இன்று பெரிதும் ஏற்பது ஐந்து பண்புக் கூறுகளைக் கொண்ட வேறொரு முறையை. 1936-இல் உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை வருணிக்கும் சொற்களை ஏறக்குறைய 18,000 அளவில் திரட்டினார்கள். எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன என்று பின்வந்தவர்கள் புள்ளியியல் கொண்டு தொகுத்தபோது ஐந்து குவியல்கள் தெரிந்தன. அவற்றுள் பொறுப்புணர்வு எனத்தக்க ஒன்று எல்லா வகை வேலைகளிலும் செயல்திறனோடு தொடர்புடையது என்று 1991-இல் மர்ரே பாரிக்கும் மைக்கேல் மவுண்ட்டும் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் காட்டினர். ஆனாலும் அந்தத் தொடர்பின் வலிமையைக் காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு (முழுத் தொடர்பு இருந்தால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.2 அளவிலானதே. அதாவது, பணியாளர்களிடையே காணும் செயல்திறன் வேறுபாட்டில் சுமார் 4 விழுக்காட்டை மட்டுமே அது விளக்கும். கூட்டமாகப் பார்க்கும்போது இது பயனுள்ள தகவல்; எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மிகச் சிறிது.

ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு அவர் செய்வதையே பார்க்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யில் டக்ளஸ் பிரே 1956-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், இளம் மேலாளர்களிடம் கடிதங்களும் புகார்களும் குறிப்புகளும் நிறைந்த ஒரு தட்டைக் கொடுத்து, உரிய நேரத்துக்குள் முடிவெடுக்கச் சொன்னார்கள். எதை முதலில் கையில் எடுக்கிறார், எதைப் பிறரிடம் ஒப்படைக்கிறார், எதைக் கவனிக்காமல் விடுகிறார் என்பதைப் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் ஆராய்ந்தார்கள். குழு விவாதம், நேர்காணல் போன்றவையும் உடன் நடந்தன. யார் உயர்வார் என்ற கணிப்பு நிறுவன மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை; தெரிந்திருந்தால் அதுவே பதவி உயர்வைப் பாதித்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கணிப்புகளை எடுத்து ஒப்பிட்டபோது, உயர்வார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் அதிகமாக இடைநிலை நிர்வாகப் பதவிகளை எட்டியிருந்தார்கள். இந்த முறைக்கு ஆளும் நேரமும் பணமும் மிகுதியாகத் தேவை. கால் மணி நேர வினாத்தாள் இன்றும் விலைபோவதற்கு அதுவே முதற்காரணம்.