நாணயமா, பேட்டரியா: குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டால்

குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்று பதறியடித்துக்கொண்டு வரும் பெற்றோரைப் புதுச்சேரியில் குழந்தைகள் மருத்துவராகப் பணிபுரியும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பலர் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்குள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவியிருப்பார்கள். அது பலிக்காதபோது, வாழைப்பழத்தையோ சோற்றுருண்டையையோ ஊட்டி உள்ளே தள்ளப் பார்த்திருப்பார்கள். வேறு சிலர் அன்றைக்கு வருவதே இல்லை. "காலையில் வெளிக்குப் போகும்போது வந்துவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பி, இரண்டு நாள் மலத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பிறகு வருகிறார்கள்.

பெரியவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. இரைப்பைக்குள் இறங்கிவிட்ட சிறு பொருள்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். ஆனால் விழுங்கிய பொருள் இறங்கிவிட்டதா, உணவுக்குழாயிலேயே நிற்கிறதா, அது நாணயம்தானா என்பதையெல்லாம் வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், உலோகப் பொருள் எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் அன்றே, கூடுமானால் அந்த மணி நேரத்திலேயே, ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது மூச்சு. பொருள் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாயை அடைத்திருந்தால் மருத்துவமனைக்கு ஓட நேரமிருக்காது. குழந்தை பலமாக இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போய்வருகிறது என்று பொருள். அப்போது முதுகில் தட்டாமல், அதை இருமவிட்டு, பக்கத்திலேயே இருந்து கவனித்தபடி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். குரல் எழவில்லை, இருமல் ஓய்ந்துவிட்டது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் உடனே முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பலனில்லையென்றால் மல்லாத்தி, மார்பின் நடு எலும்பில் 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தையை முன்பக்கம் குனியவைத்து முதுகில் 5 முறை தட்டி, பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை இவற்றை மாறி மாறிச் செய்யுங்கள். குழந்தை நினைவிழந்துவிட்டால் தரையில் கிடத்தி, மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடங்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விடுவதும் அடைப்பை இன்னும் ஆழமாக்கிவிடும்.

மூச்சுக்கு இடைஞ்சல் இல்லையென்றால், அடுத்து மனதில் எழ வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: விழுங்கியது பொத்தான் பேட்டரியாக, அதாவது காசு போன்ற சிறு வட்டப் பேட்டரியாக, இருக்குமா? ரிமோட், கார் சாவி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பார்க்கும் கருவி, கார்த்திகைக்கு ஏற்றும் எல்.இ.டி. அகல்விளக்கு, பாட்டுப் பாடும் பொம்மை என வீட்டில் அது இல்லாத மூலையே இல்லை. சண்டே மார்க்கெட்டிலும் மாசி மகத்துக் கடைகளிலும் வாங்கும் மலிவான விளக்குப் பொம்மைகளில், பேட்டரி மூடி திருகாணி இல்லாமல் நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் இவற்றில் மிகவும் கொடியது. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அதற்கு.

பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது உடைய வேண்டியதே இல்லை. ஈரமான திசுவின் இரு பக்கங்களையும் தொட்டவுடன் மின்சாரம் பாய ஆரம்பிக்கிறது; பேட்டரியின் எதிர்முனை (மைனஸ் பக்கம்) ஒட்டியிருக்கும் இடத்தில் கடுமையான காரம் (ஆல்கலி) உருவாகி, திசுவைக் கரைத்துக்கொண்டே போகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் உண்டாகிவிடக்கூடும். ரிமோட்டை இயக்க வலுவில்லை என்று கழற்றிப் போட்ட பழைய பேட்டரியிலும் இந்தக் கேட்டைச் செய்யப் போதிய மின்சாரம் மிச்சமிருக்கும். கவனிக்காமல் விட்டால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழலாம். அருகிலுள்ள பெரிய இரத்தக்குழாய் வரை அரித்துச் சென்று உயிரையே பறிக்கலாம்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை ஒரு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டதாகச் சொல்லி அழைத்து வந்தார்கள். எச்சில் சற்று அதிகமாக வடிந்தது. பாலைக் கொடுத்தால் துப்பியது. வேறு தொந்தரவு எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் கழுத்துக்குக் கீழே வட்டம் தெரிந்தது. நாணயமென்றால் அது ஒரே சீரான வெள்ளை வட்டமாக இருக்கும். இதிலோ விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் தெரிந்தது. பக்கவாட்டுப் படத்தில் ஓரம் படிபோல் மடிந்திருந்தது. அது பேட்டரியின் அடையாளம். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை உள்ளே செலுத்தும் முறை, மூலம் எடுத்தபோது, அது ஒட்டியிருந்த இடம் கருகிப்போயிருந்தது. பிறகு பல நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் குழந்தைக்கு உணவு போயிற்று. அந்தக் குடும்பம் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்று மாலையே வந்தது பெரிய நன்மை.

பேட்டரி என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். சோறு, பால், பழம் எதையும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால், குழந்தை கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எதையும் கொடுக்கக்கூடாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு தேன். ஒரு வயது நிறைந்து, நன்றாக விழுங்க முடிகிற குழந்தை, பேட்டரியை விழுங்கி 12 மணி நேரத்துக்கு உட்பட்டிருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி., அதாவது இரண்டு தேக்கரண்டி தேன் வீதம் ஆறு முறை வரை போகும் வழியிலேயே கொடுக்கலாம். அது புண் ஆழமாவதைச் சற்று மட்டுப்படுத்தும், பேட்டரியை அகற்றாது. தேன் வாங்கக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எக்காரணம் கொண்டும் தேன் கூடாது. பொட்டுலிசம் என்னும் கடுமையான நச்சு நோய் வர வாய்ப்புண்டு. மூக்கிலோ காதிலோ பேட்டரியைத் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

காந்த உருண்டைகளும் இதற்கு அடுத்த நிலையில் பயப்பட வேண்டியவை. இரண்டு காந்தங்கள் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்தால், நடுவில் அகப்பட்ட குடற்சுவர் நசுங்கித் துளைபட்டுவிடும். ஊக்கு, திருகாணி, மீன் முள் போன்ற கூரிய பொருள்களுக்கும் தாமதம் ஆகாது.

நாணயம்தான் என்று எக்ஸ்ரே உறுதி செய்து, அது இரைப்பைக்குள் இறங்கியும் இருந்தால், பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வழக்கமான உணவே போதும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்க வேண்டியதில்லை. வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதாவது தென்பட்டால் மட்டும் உடனே திரும்பி வர வேண்டும். உணவுக்குழாயிலேயே நிற்கும் நாணயத்தை, தொந்தரவு இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எச்சில் வடிந்தாலோ மூச்சு திணறினாலோ உடனே எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் தெரியாதவையும் உண்டு. நம் பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விளையாத ஊரில்லை, பண்ருட்டி முந்திரி இல்லாத வீடில்லை. மல்லாட்டைப் பருப்பைத் தின்றுகொண்டே ஓடும் குழந்தை திடீரென்று புரையேறி இருமும், சிறிது நேரத்தில் சரியாகிவிடும், வீட்டிலும் மறந்துவிடுவார்கள். பருப்பு நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாயில் அமர்ந்து ஊறிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் சளி, வீசிங் என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே தீராத இருமலுடன் வரும்போது, அதற்கு முன் என்றாவது சாப்பிடும்போது புரையேறியதா என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி தேவையா என்று முடிவு செய்ய அந்த ஒரு வாக்கியம் பேருதவியாக இருக்கும். நான்கு வயது வரையாவது முழுப் பருப்புகளைக் கொடுக்காமல் இடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

எங்கே போவது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். சிறிய கிளினிக்கில் எக்ஸ்ரே இருக்கலாம். ஆனால் சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி செய்யும் வசதி எல்லா இடத்திலும் இருப்பதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையோ, ஜிப்மர் மருத்துவமனையோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே நேராகச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அடுத்த இடத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். புறப்படும்போது பேட்டரி காணாமல்போன பொம்மையையோ ரிமோட்டையோ, அதேபோன்ற இன்னொரு பேட்டரி இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள். பேட்டரியின் மேல் பொறித்த எண்ணைக் கொண்டு அளவையும் வகையையும் நொடியில் தெரிந்துகொள்வோம்.

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 சனவரி முதல் கட்டாயமாகியிருக்கிறது. வாங்கும்போது அதைப் பாருங்கள், பேட்டரி மூடியில் திருகாணி உண்டா என்றும் பாருங்கள். கழற்றிய பேட்டரியை மேசை மேல் வைக்காமல், இருபுறமும் டேப் ஒட்டி உடனே அப்புறப்படுத்துங்கள்.

பேட்டரியை எடுத்தாகிவிட்டது, குழந்தை வீடு திரும்பிவிட்டது என்ற பிறகும் சில வாரங்கள் விழிப்பு வேண்டும். உள்ளே அரிப்பு தொடரக்கூடும். வாந்தியிலோ எச்சிலிலோ சிறிதளவு இரத்தம் தென்பட்டாலும், மலம் தார்போல் கறுத்தாலும், பால் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தாலும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், டிஸ்சார்ஜ் சீட்டுடன் அந்த நேரமே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.