டெபொசிட்: வைப்பா, கொடையா, அடைக்கலமா?

திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் ஒரு றங்குப்பெட்டி இருக்கும். அடியில் பழைய துணி, அதன் மேல் கடதாசிக் கட்டுகள்: முத்திரை ஒட்டிய காணி உறுதி, தம்பலகாமத்து வயல் குத்தகைச் சீட்டு, கோயில் வரவு செலவுக் கணக்கு, துறைமுகத்தில் வேலை செய்த பெரியப்பாவுக்கு வந்த கடிதங்கள். ஒருநாள் வீட்டுக்காரர் பெட்டியை அப்படியே ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காலமான பிறகு கனடாவிலிருந்து வரும் மகள், "அப்பா பத்திரமா இருக்கட்டும் எண்டு குடுத்து வைச்சது, திருப்பித் தாங்கோ" என்கிறாள். காப்பகத்தில் இருப்பவர், "இல்லைப் பிள்ளை, ஐயா எங்களுக்குத் தந்தது" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. பெட்டி கைமாறிய அன்று எழுதிய துண்டில் 'டெபொசிட்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

டெபொசிட் ஆங்கிலம் வழியாக வந்தாலும் வேர் இலத்தீன். கீழே வைத்தல், ஓரிடத்தில் வைத்துவிடுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. பழைய உரோமச் சட்டத்தில் 'டெபொசிற்றும்' என்பது ஒரு தனி ஒப்பந்தத்தின் பெயர். ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் பாதுகாப்புக்காக வைக்கிறார். வாங்கி வைப்பவர் கூலி வாங்குவதில்லை. அந்தப் பொருளைத் தன் தேவைக்குப் பயன்படுத்தவும் கூடாது. கேட்டவுடன் அதே பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரிமை ஒருபோதும் கைமாறாது. இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் ஒல்லாந்தச் சட்டம் என்பதால், இந்த விளக்கம் நமக்குத் தூரத்து விஷயம் அல்ல.

தமிழில் இதற்கு நாம் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. தேர்தலில் நிற்பவர் கட்டுவது கட்டுப்பணம். வங்கியில் போடுவது வைப்பு: சேமிப்பு வைப்பு, நிலையான வைப்பு. காப்பகத்துக்கும் பலர் இந்த 'வைப்பு' என்ற சொல்லையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. வங்கியில் நாம் வைக்கும் ஆயிரம் ரூபாய்த் தாள் அன்றைக்கே வங்கியின் சொத்தாகிவிடுகிறது. வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வருவது வேறு தாள், தொகை மட்டும் அதே தொகை. காப்பகத்தில் அப்படி ஒரு கதை நடக்காது. பெரியப்பாவின் கடிதத்துக்குப் பதிலாக இன்னொரு பெரியப்பாவின் கடிதத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆகவே வங்கியின் சொல்லை இங்கே கொண்டுவந்தால் உரிமை கைமாறியது போன்ற ஒரு மயக்கம் சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். மாட்டின் லூதர் கிங் 1964 ஜூலை 16 அன்று, தான் படித்த பொஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், தான் வேறுவிதமாகச் சொல்லும்வரை அவை தன் சட்டபூர்வச் சொத்தாகவே இருக்கும், ஆண்டுதோறும் ஒரு பகுதியை முழுக் கொடையாக்க எண்ணம், தான் இறந்தால் அங்கே வைக்கப்பட்ட அனைத்தும் அன்றிலிருந்து பல்கலைக்கழகத்தின் முழுச் சொத்தாகும் என்பது கடிதத்தின் சாரம். 1968 இல் அவர் கொல்லப்பட்டார். 1987 இல் அவருடைய மனைவி கொரெற்றா ஸ்கொட் கிங், கடதாசிகள் குடும்பத்துக்கே உரியவை என்று வழக்குப் போட்டார். 1993 இல் ஜூரிகள் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார்கள். 1995 இல் மசச்சூசெற்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதிப்படுத்தியது.

நீதிமன்றம் எதைப் பார்த்தது என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கடிதம் இருந்தது, சரி. அதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. பல்கலைக்கழகம் அந்த வாக்கை நம்பி என்ன செய்தது என்றும் பார்த்தது: கடதாசிகளை வாங்கிப் பாதுகாத்தது, பட்டியல் போட்டது, ஆய்வாளர்களுக்கு உதவ ஆட்களை வைத்தது. கிங் உயிரோடு இருந்தவரை அந்தப் பெட்டிகள் அவருடையவை. பல்கலைக்கழகம் காவலுக்கு வைத்திருந்தது. அவர் இறந்த நாளில் அதே பெட்டிகள் கொடையாகிவிட்டன. ஒரே கடிதத்துக்குள் இரண்டு உறவுகள் இருந்தன. அவற்றைப் பிரித்தறிய ஏறத்தாழ எட்டு வருட வழக்கு வேண்டியிருந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் பத்திரிகைகள் இப்படியான நிகழ்வை 'கையளித்தார்' என்று எழுதும். 'இன்னாரின் ஆவணங்கள் நூலகத்திடம் கையளிப்பு' என்று படத்துடன் செய்தி வரும். கையளித்தல் என்றால் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனது. உரிமை போனதா என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. ஒப்படைத்தலும் அப்படித்தான். நூலகப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஊதா மையில் குத்தியிருக்கும் 'அன்பளிப்பு' முத்திரை மட்டும் தெளிவானது: தந்தாயிற்று, திரும்பக் கேட்பதில்லை. காணி விஷயத்தில் 'நன்கொடை உறுதி' என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நொத்தாரிசு முன் கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும், வாங்குபவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காத கொடை நிறைவேறாது. ஆனால் நாலு பரப்புக் காணிக்கு இவ்வளவு பார்க்கிற நாமே, நூறு வருடத்துக் கடதாசிக்கு ஒரு துண்டுகூட ஒழுங்காக எழுதுவதில்லை.

பாதுகாப்புக்காக ஒருவரிடம் வைக்கும் பொருளுக்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: அடைக்கலம். 'அடை' என்னும் வினையின் அடியில் பிறந்தது. இன்று அடைக்கலம் என்றால் புகலிடம் என்றுதான் காதில் விழும். அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன: புகலிடம், பாதுகாக்க ஒப்படைத்த பொருள். வீட்டில் வைத்துக் காக்கும் அடைக்கலப் பொருளை இல்லடை, இல்லடைக்கலம் என்றும் சொன்னார்கள். வடமொழி நீதிநூல்களில் இதற்கு நிக்ஷேபம் என்று பெயர். மனு நூல் வழக்குகளைப் பதினெட்டாகப் பிரிக்கும்போது கடனுக்கு அடுத்தபடியாக இதைத்தான் வைக்கிறது. அந்தளவுக்கு அது அடிக்கடி சண்டை வந்த இடம்.

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மதுரைக்கு வெளியே, கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரிக்குக் கண்ணகி மீது எந்த உரிமையும் இல்லை. காக்கும் கடமை மட்டும் முழுவதும் அவளுடையது. பின்னால் எல்லாம் முடிந்தபோது 'அடைக்கலம் இழந்தேன்' என்று சொல்லி அவள் தீப்பாய்ந்ததாக நூல் சொல்கிறது. உரிமை சிறிதும் இல்லாமல் பொறுப்பு மட்டும் முழுதாக இருக்கும் ஓர் உறவை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை. காப்பகத்துக்கும் பெட்டிக்கும் உள்ள உறவு, கொடை என்று எழுதாதவரை, இதுதான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு வருகிறது. நம் ஊரில் காணிப் பிரச்சினை என்றால் 'பத்து வருச ஆட்சி' என்ற பேச்சு உடனே வரும். அதையே காப்பகத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள்: முப்பது வருடமாக இங்கேதானே இருக்கிறது, இனி எங்களுடையது. அது நிற்காது. அனுமதியோடு வைத்திருப்பவர், தன் மனசுக்குள் முடிவெடுத்து உரிமையாளராக மாற முடியாது என்பது உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் பழைய கொள்கை. அடைக்கலம் எத்தனை காலம் இருந்தாலும் அடைக்கலமே.

அப்படியென்றால் எதை வைத்துத் தீர்ப்பது? பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வேறு இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் கேட்பது மூன்றில் ஒரு சான்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. மூல ஓலை வந்ததும், பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறு ஓலையை எடுத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இன்றைய காப்பகச் சண்டைக்கும் வழி இதுவே. ஆவணம் என்றால் கொடுத்தவரின் கடிதம், காப்பகம் எழுதிய பதில், சேர்க்கைப் பதிவேட்டில் அன்றைய வரி. ஆட்சி என்றால் இடைக்காலத்தில் யார் என்ன செய்தார்கள் என்பது: காப்பகம் தன் செலவில் பூச்சி அரித்த தாள்களைச் சீர்செய்ததா, குடும்பம் இடையிடையே வந்து எடுத்துப் பார்த்ததா. காட்சி என்றால் பெட்டி கைமாறியபோது கூட இருந்தவர்கள். போர், இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று பதிவேடுகளே தொலைந்துபோன ஒரு மாவட்டத்தில் இந்த மூன்றாவது சான்றை அலட்சியம் செய்யக்கூடாது. வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, சத்தியக் கடதாசியாக வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதற்கும் முந்தியது: கொடுத்தவருக்குக் கொடுக்க உரிமை இருந்ததா? கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை செய்த ஒருவர் ஓய்வு பெறும்போது வீட்டுக்குக் கொண்டுபோன கோப்பு அவருடையதல்ல. அதை அவர் பிள்ளைகள் நன்கொடையாகத் தந்தாலும் அது கொடை ஆகாது. அரசாங்கப் பதிவேடுகளுக்கு 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டம் இருக்கிறது. கோயில் ஏடும் அப்படித்தான். தர்மகர்த்தாவின் வீட்டில் இருந்தாலும் அது கோயிலுடையது. கோணேசர் கல்வெட்டு, பெயரில் கல்வெட்டு என்றிருந்தாலும் ஏட்டில் வந்த நூல். கோணேசர் கோயிலில் யாருக்கு எந்தத் தொழும்பு (கோயில் பணி), எந்த உரிமை என்று பேசுவது. இப்படியான ஏடுகள் இருக்கும் ஊரில், ஒருவர் கையில் இருந்த பிரதியை அவர் தனிச்சொத்தாக எண்ணிக் கொடுத்தால் நாளைக்கு இன்னொரு பகுதியார் கேட்கத்தான் செய்வார்கள்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா என்ற எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிகள் விஷயமும் இங்கேதான் முட்டியது. நண்பர் மக்ஸ் புரோட் 1968 இல் இறந்தபோது அவை செயலாளர் எஸ்தர் ஹோஃபேயிடம் போயின. தனக்குத் தந்தது என்றார் ஹோஃபே. புரோட்டின் விருப்பப்படி பொது நூலகத்துக்குப் போக வேண்டியவை என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2016 இல் முடித்தது.

தாளின் உரிமையும் எழுத்தின் பதிப்புரிமையும் வேறு வேறு என்பதையும் மறக்கக்கூடாது. பெரியப்பாவுக்கு வந்த கடிதத்தின் தாள் பெரியப்பாவுடையது. அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். பெட்டியைக் கொடையாகப் பெற்ற காப்பகம்கூட அதை அச்சில் போட வேறு அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை இது. உரிமையும் போனால் கொடை. குறித்த காலத்துக்கு, ஒரு கண்காட்சிக்கோ மின்வருடலுக்கோ தந்தால் இரவல். உரிமை வீட்டில், காவல் காப்பகத்தில் என்றால் அடைக்கலம். 'டெபொசிட்' என்று எழுதும் இடத்தில் இதை எழுதுங்கள். கையளிப்பு என்ற சொல் பத்திரிகைச் செய்தியோடு நிற்கட்டும். பற்றுச்சீட்டில் இப்படி எழுதினால் போதும்: 'இதனுடன் உள்ள பட்டியலில் கண்ட கடதாசிகளை அடைக்கலமாக வைக்கிறேன். உரிமை என்னுடையது. என் காலத்துக்குப் பின் இவை காப்பகத்துக்குக் கொடையாகும்.' கடைசி வரி வேண்டாதவர் அதை வெட்டிவிட்டு, யார் வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று பெயர் எழுதட்டும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருதரப்பும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதி வீட்டுக்குப் போக வேண்டும்.